பாலத்துக்கு அப்பால் ஒரு வளைவு

காலை எட்டேகால். ஜன்னலுக்கு வெளியே இன்னும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஷெரிஃப் ஹார்லன் ஹோவ்டே எங்களுக்குக் காபி ஊற்றினார். மேஜையில் எலுமிச்சை கேக் துண்டுகள். அவர் மனைவி செய்தவை. என் பாஸ் மார்கிட் தொடவில்லை. நான் இரண்டு எடுத்தேன்.

"சாப்பிடுங்க. டுலூத்ல இருந்து இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் ஷெரிஃப்.

"ஓட்டினது நான். பாஸ் தூங்கினாங்க" என்றேன்.

"தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு இவன் பேச்சைத் தாங்கிட்டு வந்தேன்" என்றாள் மார்கிட்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாநில அரசு ஒரு வக்கீலைக் கொடுக்கும். அந்த வக்கீலுக்காகத் துப்பறிபவள் மார்கிட் ஓஸ்ட்பி. நான் டூவேன் பெல்கோனன், அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவேன், படம் எடுப்பேன், தேவைக்கு மேல் பேசுவேன். எங்கள் கட்சிக்காரன் நெல்ஸ் சாண்ட்விக் இதே கட்டடத்தின் பின்பக்கச் சிறையில் இருந்தான். மதியம் இரண்டு மணிக்கு அவனை நீதிபதி முன் நிறுத்துவார்கள். கொலைக் குற்றம்.

"சனிக்கிழமை ராத்திரி பூரா பனி" என்றார் ஷெரிஃப். "ஞாயிற்றுக்கிழமை வெர்ன் ட்வேட்டைக் காணோம். திங்கட்கிழமை டோஃப்டே ரோட்டுல, பாலம் தாண்டி, பள்ளத்துல அவன் கார் கிடைச்சுது. மேல ஆள் உயரத்துக்குப் பனி. என்ஜின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பனியில புகைக்குழாய் அடைச்சு, விஷப்புகை உள்ளயே நிரம்பிடுச்சு. தூங்கறவன் மாதிரி உட்காந்திருந்தான்."

"காத்து அடிச்சுக் குவிஞ்ச பனியா?"

"காத்து அப்படிக் குவிக்காது. தள்ளினது. அந்த டவுன்ஷிப்புக்கு ரோட்டுப் பனியைத் தள்ள இருக்கறது ஒரே ஒரு பனி வண்டி. அதுக்கு ஒரே டிரைவர். நெல்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் பார்ல வெர்னோட சட்டையைப் பிடிச்சவனும் அவன்தான்."

"எதுக்குச் சண்டை?"

"வெர்ன் வீட்டு வாசலை நெல்ஸ் பனி தள்ளி மூடிட்டான்னு வெர்ன் திட்டினானாம். சிரிக்காதீங்க. இந்த ஊர்ல அதுல கல்யாணமே முறிஞ்சிருக்கு."

மார்கிட் சிரிக்கவில்லை. "வெர்ன் உங்ககிட்டத்தானே வேலை பாத்தார்?"

"பதினஞ்சு வருஷம் என் டெபுடி. ஓய்வு வாங்கினதும் ஷெரிஃப் பதவிக்கு எனக்கு எதிரா தேர்தல்ல நிக்கப் போறேன்னான்." அவர் கோப்பைக்குள் பார்த்தார். "நின்னிருந்தா நானே அவனுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன்."

"மாநிலப் புலனாய்வுக்காரங்களைக் கூப்பிட்டீங்களா?"

"நான் கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"அதான் கேக்கறேன். கூப்பிட்டீங்களா?"

"தேவைப்படல" என்றார். இன்னொரு கேக் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

நெல்ஸைப் பார்க்க விட்டார்கள். முப்பது வயது. பெரிய கைகள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான்.

"சனிக்கிழமை வண்டியைச் சாயங்காலம் ஆறு மணிக்கே கொட்டகையில விட்டுட்டேன். சாவி ஆணியில தொங்குது. எப்பவும் அங்கதான் தொங்கும். எல்லாருக்கும் தெரியும்."

"பாலத்தைத் தாண்டினியா?" என்று கேட்டாள் மார்கிட்.

"தாண்ட மாட்டேன். பாலம் வந்ததும் பனி தள்ற தகட்டைத் தூக்கித் திரும்பிடுவேன். அந்தப் பக்கம் நம்மளது இல்ல. வாஷிங்டனோட காடு, மத்திய அரசு நிலம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ராத்திரி ஷெரிஃப் வந்து கம்பிக்கு வெளியில நிக்கறார். ஒண்ணும் பேசறதில்ல. சும்மா நிக்கறார். என்னை வேற ஜெயிலுக்கு மாத்தச் சொல்லுங்க, மேடம். எதுவா இருந்தாலும் சரி."

---

மாநில நெடுஞ்சாலை கறுப்பாக இருந்தது. உப்பு போட்டிருந்தார்கள். மாவட்ட அளவிலான கவுண்டி சாலைக்குத் திரும்பியதும் நிறம் பழுப்பானது. மணல். ஊர் அளவிலான டவுன்ஷிப் சாலையில் உப்பும் இல்லை, மணலும் இல்லை. வழித்துவிட்ட பனி இறுகிக் கிடந்தது.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் அரசாங்கம் ஏழையாயிட்டே வருது, பாஸ்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்?"

"அது வாஷிங்டன். பணக்கார அரசாங்கம். அதனால ஒண்ணுமே போடாது."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"எந்த அரசாங்கத்து ரோட்டை?"

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு வண்டி எங்களைத் தொடர்ந்து வந்தது. வழியில் இருந்த பெட்ரோல் நிலையத்தில் அது நின்றுவிட்டது. யார் என்று தெரியவில்லை.

பாலம் மரப்பாலம். அதற்கு அந்தப் பக்கம் பச்சை நிற வண்டி ஒன்று நின்றது. ஒரு பெண் இறங்கி எங்களை நோக்கி வந்தாள். பச்சை ஜாக்கெட், இடுப்பில் துப்பாக்கி. ஐம்பது வயது இருக்கும்.

"அங்கேயே நில்லுங்க. யாரு நீங்க?"

மார்கிட் அடையாள அட்டையைக் காட்டினாள். அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"லொரெய்ன் பெல்லாஞ்சர். மத்திய வனத்துறை."

"ஷெரிஃப் இந்த இடத்தை மூடியிருக்கார்" என்றாள் மார்கிட். மஞ்சள் நாடா பாலத்துக் கைப்பிடியில் கட்டியிருந்தது. "நீங்க உள்ள நிக்கறீங்க."

"நாடா அவரோடது. நிலம் எங்களோடது."

"வெர்ன் செத்ததை நீங்க விசாரிக்கறீங்களா?"

"இல்ல. காட்டுக்குள்ள கொலை நடந்தாலும் அது ஷெரிஃப் பாத்துக்கறது. எனக்கு மரம், மான், ரோடு."

"அப்ப இந்தக் குளிர்ல எதுக்கு நிக்கறீங்க?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் காது வலித்தது.

"நான் வேணா வண்டில உக்காந்துக்கட்டுமா? ஜெயிச்சவங்க யாருன்னு அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

லொரெய்னின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "வாங்க" என்றாள்.

---

சனிக்கிழமைக்குப் பிறகு பனி பெய்யவில்லை. குளிர் மட்டும். எல்லாம் அன்றிரவு இருந்தபடியே உறைந்திருந்தது. பாலத்தைத் தாண்டி வழித்த தடம் ஒன்று நேராகக் காட்டுக்குள் போனது. முடியும் இடத்தில் ஒரு பள்ளம், தோண்டிப் போட்ட பனிமேடு. காரை அங்கிருந்துதான் இழுத்தெடுத்திருந்தார்கள். பனி வண்டியை ஓட்டியவன் அங்கே அதைத் திருப்பி, சாலையின் மறு பாதியை வழித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான்.

"முடிஞ்சுது, பாஸ். நெல்ஸ் பாலத்தோட தகட்டைத் தூக்கறவன். இங்க வழிச்சிருக்கு. அப்ப வழிச்சது நெல்ஸ் இல்ல. போய்ச் சூடா சூப் குடிக்கலாம்."

"கொலை பண்ணப் போறவன் பாலத்துல நின்னு, இது நம்ம எல்லை இல்லையேன்னு திரும்பிடுவானா?"

"நல்ல அரசு ஊழியனா இருந்தா."

"நீதிபதி சிரிப்பார். வேற பாரு."

நடந்தோம். தடத்தின் வலது ஓரம் கோடு போட்ட மாதிரி இருந்தது. தகடு ஒதுக்கிய பனி இடுப்பளவு சுவராக நின்றது. பாதி தூரத்தில் அந்தச் சுவர் சாலைக்குள் வளைந்தது. ஒரு வண்டி நீளத்துக்கு உள்ளே வந்து, மறுபடி ஓரத்துக்குப் போனது. பிறகு நேர்கோடு.

மார்கிட் நின்றாள்.

"இங்க ஏன் வளைஞ்சான்?"

நான் சுவரின் மேல் ஏறிப் பார்த்தேன். அந்தப் பக்கம் சமமான பனி. மரம் இல்லை. பாறை இல்லை. வண்டியில் இருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து தோண்டினேன். பனிக்குக் கீழே காய்ந்த புல். புல்லுக்குக் கீழே கல்லாக உறைந்த மண்.

"ஒண்ணும் இல்ல, பாஸ்."

"மறுபடி பாரு."

"ஒண்ணும் இல்லாததை மறுபடி எப்படிப் பாக்கறது? குடிச்சிருப்பான்."

"குடிச்சவன் கோடு பூரா அலையும். இது ஒரே இடம்."

"மான் குறுக்க வந்திருக்கும்."

"மானைப் பாத்தா பிரேக் போடுவான். வண்டி வழுக்கும். பனி சிதறும். இங்க பாரு, கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருக்கு." அவள் கையுறையைக் கழற்றி அந்த வளைவைத் தடவினாள். "இது பாத்துத் திருப்பினது இல்ல, டூவேன். பாக்காமத் திருப்பினது."

"புரியல."

"உன் வீட்டு மாடிப்படியில இருட்டுல இறங்கறே. ஒரு படி உடைஞ்சிருக்கு. கால் தானா அதைத் தாண்டும். நாளைக்கு அந்தப் படியைச் சரி பண்ணிடறாங்க. நாளன்னைக்கும் கால் தாண்டும்."

நான் லொரெய்னைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இதைப் பாக்கத்தான் வந்தீங்க" என்றாள் மார்கிட்.

"ஆமா."

"எத்தனை தடவை?"

"தினமும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்ட சொல்றது?" லொரெய்ன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அவர் அனுப்பின ஆளுங்களோன்னு இப்பக்கூட யோசிக்கறேன்."

"யார் அனுப்பின ஆளுங்க?"

அவள் வளைவின் நடுவில் போய் நின்றாள்.

"இங்க டோஃப்டேன்னு ஒருத்தரோட தபால் பெட்டி இருந்தது. கம்பத்து மேல. அவர் வீடு அதோ அங்க, அந்த மேட்டுல. மூணு வருஷத்துக்கு முன்னால நிலத்தை வனத்துறைக்கு வித்துட்டு மகள்கிட்ட போயிட்டார். நாங்க வீட்டை இடிச்சோம், பெட்டியைப் பிடுங்கினோம். அன்னையில இருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் யாரும் பனி வழிக்கறதில்ல."

"நெல்ஸ் எப்ப வேலைக்குச் சேர்ந்தான்?"

"போன குளிர் காலம். அதுக்கு முன்னால பெமிஜி பக்கம் இருந்தான். அவன் இந்தப் பெட்டியைப் பாத்ததே இல்ல."

எனக்குக் குளிர் மறந்துபோனது. நெல்ஸ் பார்க்காத பெட்டி. அதை அவன் கை எப்படிச் சுற்றிப் போகும்?

"ஓரமா இருக்கற எல்லாப் பெட்டிக்கும் பனி வண்டி ஒதுங்கித்தானே போகும்? இவ்வளவு பெரிய வளைவு எதுக்கு?" என்று கேட்டாள் மார்கிட்.

"சூடு பட்டவன் போடற வளைவு அது. அப்ப பனி வண்டி ஓட்டின டிரைவர் டோஃப்டேயோட பெட்டியை ரெண்டு தடவை இடிச்சுத் தள்ளினார். ரெண்டாவது தடவை வேணும்னே. அப்ப இந்த ரோடு டவுன்ஷிப்போடதுதான். ஆனா தபால் பெட்டியில கை வச்சா அது வாஷிங்டன் விஷயம். டோஃப்டே எழுதிப் போட்டார். தபால் துறையில இருந்து கோட்டு போட்ட ஆள் ஒருத்தன் வந்தான். ஊரே வேடிக்கை பாக்க, அந்த டிரைவர் கையில கடப்பாரையைக் கொடுத்துப் புதுக் கம்பம் நட வச்சான். ஜனவரி மாசம். இந்த மண்ணுல." அவள் காலால் தரையைத் தட்டினாள். "அதுக்கப்புறம் அவர் வண்டி இந்த இடத்துக்கிட்ட நெருங்கினதே இல்ல. பத்துக் குளிர் காலம் இப்படியேதான் சுத்திப் போனார். கடைசி வரைக்கும்."

"கடைசின்னா? செத்துட்டாரா?" என்றேன்.

"வேற வேலைக்குப் போயிட்டார்."

"என்ன வேலை?"

"டுலூத்காரங்களுக்குத் தெரியாது இல்ல." லொரெய்ன் பெருமூச்சு விட்டாள். அது வெள்ளையாக மிதந்தது. "அவரோட முதல் தேர்தல் போஸ்டர் இன்னும் என் அலுவலகச் சுவர்ல இருக்கு. பனி வண்டிப் படிக்கட்டுல நின்னு கையாட்டற படம். 'உங்கள் பாதையைத் திறந்தவர் ஹார்லன் ஹோவ்டே'ன்னு போட்டிருக்கும்."

நான் மண்வெட்டியை அந்தச் சுவரின்மேல் குத்தி நட்டேன்.

---

வனத்துறைக் கோபுரத்தின் புண்ணியத்தில் பாலத்தருகே செல்போன் வேலை செய்தது. மார்கிட் மாநிலப் புலனாய்வுக்காரர்களைக் கூப்பிட்டாள். போனை நாங்களும் கேட்கும்படி பிடித்தாள்.

"ஷெரிஃப் உதவி கேட்டிருக்காரா, மேடம்?" என்றது ஓர் இளம் குரல்.

"நான் சந்தேகப்படறதே ஷெரிஃபைத்தான்."

"அப்படின்னா கவுண்டி அரசு வக்கீல் கேட்டா வரலாம்."

"அவரும் ஷெரிஃபும் உறைஞ்ச ஏரி மேல ஒரே ஐஸ் குடிசையில மீன் பிடிக்கறவங்க" என்று லொரெய்ன் கிசுகிசுத்தாள்.

"அவர் கேக்கலைன்னா?"

"மேலதிகாரிகிட்ட பேசறேன். தலைநகர் செயின்ட் பால்ல இருந்து உத்தரவு வரணும். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

"ரெண்டு மணிக்கு ஒரு அப்பாவியை நீதிபதி முன்னால நிறுத்தறாங்க. அதுவரைக்கும் அவன் ஷெரிஃப் ஜெயில்ல இருக்கான்."

"புரியுது மேடம். சாயங்காலத்துக்குள்ள."

மார்கிட் போனை அணைத்தாள்.

"மூணு அரசாங்கம் இருக்கு, பாஸ். டவுன்ஷிப்பையும் சேத்தா நாலு. ஒருத்தனைப் பிடிக்க ஒண்ணுகூட இல்லையா?" என்றேன்.

"நாம நிக்கற இடம் எதோடது?"

"வாஷிங்டனோடது."

அவள் லொரெய்ன் பக்கம் திரும்பினாள். "கொலை உங்க வேலை இல்ல. சரி. இந்த ரோட்டுல உங்களைக் கேக்காம ஒருத்தன் பனி வழிச்சா?"

"அனுமதி வாங்கணும்."

"வாங்கலைன்னா?"

"குத்தம்." லொரெய்ன் மெதுவாகச் சொன்னாள். "சின்னக் குத்தம். அபராதம் போடலாம்."

"ஆள் ஒத்துழைக்கலைன்னா?"

"கையில விலங்கு போட்டு டுலூத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம். அங்க இருக்கற நீதிபதிக்கு ஷெரிஃப் யாருன்னே தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். "கொலைக்குப் பிடிக்க முடியாது. பனி வழிச்சதுக்குப் பிடிக்கலாம். என்ன தேசம்டா இது!"

"ஒரு சிக்கல்" என்றாள் லொரெய்ன். "அவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரணும். அந்தப் பக்கம் போய் நான் கை வச்சேன்னா, முதல் வாரத்துலயே வழக்கைத் தூக்கி வெளியில போட்டுடுவாங்க."

"வருவார். மதியத்துக்குள்ள வருவார்" என்றாள் மார்கிட். "நம்ம பின்னால பெட்ரோல் நிலையம் வரைக்கும் ஒரு வண்டி வந்தது. நாம எங்க போறோம்னு அவருக்கு இப்பத் தெரியும். முதல்ல நெல்ஸைப் பத்திரப்படுத்தணும்."

அவள் சிறைக்குப் போன் செய்தாள். காவல் அறையில் இருந்த பெண் எடுத்தாள். பெயர் ஓபல். காலையில் எங்களுக்குக் கதவு திறந்துவிட்டவள்.

"ஓபல், நெல்ஸ் அறை வாசல்ல நீங்க போய் உக்காருங்க. யார் வந்தாலும் திறக்காதீங்க. ஷெரிஃபே வந்தாலும்."

"ஐயோ, அவன் இங்க இல்லையே! நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல ஷெரிஃபே கூட்டிட்டுப் போயிட்டாரு."

"எங்க?"

"சம்பவம் நடந்த இடத்தைக் காட்டச் சொல்லப் போறேன்னாரு. நீங்களும் அங்கதான் இருப்பீங்க, எல்லாரும் சேந்து முடிச்சிடலாம்னாரு. இன்னும் வரலையா?"

மார்கிட் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதை அணைக்க மறந்தாள். ஓபலின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒரே ரோடு. நாம முன்னாடி வந்தோம். அவர் பின்னாடியே வந்திருக்கணும்" என்றேன்.

லொரெய்ன் ஜாக்கெட்டின் பொத்தானைக் கழற்றினாள். துப்பாக்கி வெளியே தெரிந்தது.

அப்போதுதான் என்ஜின் சத்தம் கேட்டது.

ஷெரிஃபின் வண்டி மரங்களுக்கிடையிலிருந்து வந்தது. அவசரமில்லாமல் வந்தது. பாலத்தின் அந்த முனையில் நின்றது. முன்சக்கரம் முதல் பலகையைத் தொடவில்லை. ஹார்லன் ஹோவ்டே இறங்கினார். கதவைச் சாத்தவில்லை. கையுறை இல்லை. சாலையை விட்டு இறங்கி நடந்தவர் மாதிரி முழங்கால் வரை பனி ஒட்டியிருந்தது.

அவர் எங்களுக்குக் கையசைத்தார். காலையில் காபி ஊற்றிய அதே முகம். பிறகு எங்களைத் தாண்டிப் பார்த்தார். வலது ஓரம். அந்தச் சுவர். அது உள்ளே வளைகிற இடம். நான் நட்ட மண்வெட்டி அதன்மேல் நேராக நின்றது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கை கீழே இறங்கியது.

"வாங்க ஷெரிஃப்" என்றாள் லொரெய்ன். "இந்தப் பக்கம் வாங்க. ஒரு அபராதச் சீட்டு விஷயம்."

அவர் குனிந்து பாலத்தின் பலகையைப் பார்த்தார். பிறகு ஓர் அடி பின்னால் எடுத்துவைத்தார்.

நான் அவருடைய வண்டியைப் பார்த்தேன். பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே கம்பி வலை. பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. சீட்டில் ஆரஞ்சு நிறச் சிறைக் கோட்டு ஒன்று கிடந்தது. கோட்டு மட்டும். நெல்ஸ் இல்லை.

வெளியே குளிர் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே.

மார்கிட் பாலத்தில் ஏறினாள். நடுவில் போய் நின்றாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவள் கையில் ஒன்றும் இல்லை.

"நெல்ஸை எந்தப் பக்கம் விட்டீங்க, ஹார்லன்?"